தொலைய முடியாத தலைநகரம்

பெலீஸ் நாட்டுத் தலைநகர் பெல்மோப்பானின் பஸ் நிலையத்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களில் பத்துக்கு எட்டுப் பேர் டெல்பர்ட் ஃப்ளவர்ஸிடம் கேட்பது ஒரே கேள்விதான். ஊருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்? டெல்பர்ட் தன் டாக்ஸியில் சாய்ந்துகொண்டு, வாயில் இருப்பதை மென்று விழுங்கிவிட்டு, இதுதாங்க ஊர் என்பான். அவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். சந்தை, புல்வெளி, இரண்டு மாமரம், அதற்கப்பால் வரிசையாக அரசாங்க ஆபீஸ்கள். அப்புறம் திரும்ப அவனைப் பார்ப்பார்கள், ஏதோ பாதியை அவன் சட்டைக்குள் ஒளித்துவைத்திருக்கிற மாதிரி. அந்தப் பார்வைதான் டெல்பர்ட்டுக்குப் பிடிக்காது.

ஊருக்கு நாலு வயது ஆனபோது பிறந்தவன் அவன். ஊரும் அவனும் ஒரே வகுப்பில் படித்த மாதிரி ஒரு பாசம். கடலோரத்தில் இருக்கிற பெலீஸ் சிட்டிக்காரர்கள், தலைநகர் என்ற பட்டம் தங்கள் கையை விட்டுப் போய் இத்தனை வருஷம் ஆகியும், உங்க ஊர்ல டிராஃபிக் போலீஸ் மாட்டுக்குத்தானே வழி விடச் சொல்றாரு என்று கேட்பார்கள். டெல்பர்ட் அவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது வேண்டுமென்றே எல்லா வேகத்தடையிலும் வேகமாக ஏறி இறங்குவான்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். பத்தரை மணி பஸ்ஸிலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். பனைமரம் மாதிரி உயரம். செருப்புக்குள் சாக்ஸ் போட்டிருந்தார். முதுகில் ஒரு பை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு தடித்த நோட்டு. பெயர் வால்டிஸ், ஊர் ரீகா, லாட்வியா நாட்டுத் தலைநகரம் என்று கேட்காமலே சொன்னார். மிஸ் எர்லீன் வீட்டு விடுதியில் அறை பதிவு செய்திருக்கிறாராம்.

மிஸ் எர்லீன் டெல்பர்ட்டுக்குப் பெரியம்மா மகள். அவளுடைய விடுதி பஸ் நிலையத்திலிருந்து நடந்தால் நாலே நிமிஷம். அதைச் சொன்னால் டாக்ஸி எதற்கு? டெல்பர்ட் பையை வாங்கிப் பின்னால் வைத்தான். ஊரைச் சுற்றி வருகிற ரிங் ரோட்டில் ஏறி, நிதானமாக ஒரு முழு வட்டம் அடித்து, ஊர் எவ்வளவு பெரிசு பாருங்கள் என்கிற முகத்தோடு விடுதி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

கிழவர் இறங்கி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார்.

"எல்லாமே வலது பக்கத் திருப்பம். அப்போ நாம ஒரு வட்டம் அடிச்சிருக்கோம். பஸ் நிலையம் அந்த மாமரத்துக்குப் பின்னாடி இருக்கணும்" என்றார்.

டெல்பர்ட்டுக்கு இருமல் வந்துவிட்டது. கிழவருக்குக் கோபம் எதுவும் இல்லை. வருத்தம்தான். குழந்தை கையிலிருந்த ஐஸ் மண்ணில் விழுந்த மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வருத்தத்துக்குக் காரணம் மதியச் சாப்பாட்டில்தான் தெரிந்தது. மிஸ் எர்லீன் தேங்காய்ப்பால் விட்ட பீன்ஸ் சோறும் கோழிக்குழம்பும் வைத்து, டெல்பர்ட்டையும் உட்காரச் சொல்லியிருந்தாள். வால்டிஸ் கழுத்து நோட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது தலைநகரங்களின் நோட்டு. இதுவரை தொண்ணூற்று நாலு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஊர் பெயரும், அவர் அந்த ஊரில் எங்கே வழி தெரியாமல் தொலைந்தார், எத்தனை நிமிஷம் தொலைந்திருந்தார் என்பதும் எழுதியிருந்தது. தொலையாத ஊர் கணக்கில் சேராது. அதுதான் அவருடைய சட்டம். குறைந்தது அரை மணி நேரம் தொலைய வேண்டும், யாரிடமாவது வழி கேட்க வேண்டும், அவர்கள் சொல்கிற பதில் புரியக் கூடாது. மூன்றும் நடந்தால்தான் அந்த ஊரைப் பார்த்ததாக அர்த்தம்.

தாஷ்கண்டில் மூன்று மணி நேரம் தொலைந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் கண் பளபளத்தது.

டெல்பர்ட், இது என்ன சார் வேலை, எல்லோரும் வழி தெரியணும்னுதானே அலையறாங்க என்று கேட்டான். வால்டிஸ் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"முப்பத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டினேன் தம்பி. தண்டவாளம் எங்க போகுதோ அங்க போகணும். காலையில ஏழாம் நம்பர், சாயங்காலம் ஏழாம் நம்பர். ஒரு நாள், ஒரே ஒரு நாள் தப்பான தெருவுல திரும்பிடணும்னு அவ்வளவு ஆசை. டிராம் எப்படித் திரும்பும்?"

அவர் அடுத்துச் சொன்னதுதான் மிஸ் எர்லீனைச் சுட்டுவிட்டது. இந்த ஊர் உள்ளங்கை மாதிரி இருக்கிறது, நாளைக்கு ஒன்றரை மணி பஸ்ஸில் எல்லைக்குப் போய் அங்கிருந்து குவாத்தமாலா சிட்டி போகிறேன், பெல்மோப்பானை விட்டுவிட வேண்டியதுதான் என்றார்.

மிஸ் எர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் தேவாலயத்துப் பாடகர் குழுவில் முன்வரிசை. குரல் அதற்கேற்ற மாதிரி.

"என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் ஊரைக் கணக்குலேருந்து எடுப்பாராமா? டெல்பர்ட், இவரைக் கூட்டிட்டுப் போய்த் தொலைச்சிட்டு வா."

"எங்கேக்கா தொலைக்கறது? நம்ம ஊர்ல நாய் கூட தொலையாதே."

"அது உன் பாடு. இருபது வருஷமா டாக்ஸி ஓட்டறேன்னு பீத்திக்கற இல்ல?"

முதலில் டெல்பர்ட் அவரை ஊரோரத்துச் சால்வபான் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனான். எல் சால்வடோரிலிருந்து வந்து குடியேறினவர்கள் இருக்கிற இடம், பேச்செல்லாம் ஸ்பானிஷ். சந்து சந்தாகத் திரும்பி, புபூசா என்கிற சோள ரொட்டி விற்கிற ஒரு கடைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டான். நல்லாத் தொலைங்க சார் என்று வாழ்த்திவிட்டு, கிளம்பி, வழியில் பெட்ரோல் போட்டு, சந்தையில் ஒரு ஆரஞ்சு ஜூஸ் குடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பினான். நேரம் பார்த்துக்கொண்டு தேடப் போகலாம் என்று திட்டம்.

வால்டிஸ் விடுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, தாளில் சுற்றின புபூசாவைத் தின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். டாக்ஸி போன மறுநிமிஷம் கடைக்காரி வெளியே வந்து, நீங்கதானே மிஸ் எர்லீன் வீட்டுல தங்கியிருக்கற நெட்டை ஆள் என்று நல்ல ஆங்கிலத்திலேயே கேட்டிருக்கிறாள். காலையில் சந்தையில் எல்லோருக்கும் சேதி போயிருந்தது. வழி தெரியாமல் நிற்கிறார் என்று பாவப்பட்டு, தின்பதற்குக் கையில் ஒன்றைக் கொடுத்து, மகனுடைய வேனில் ஏற்றி அனுப்பிவிட்டாள். வரும் வழியில் இன்னும் இரண்டு வண்டிகள் நின்று, விடுதிக்குத்தானே, நாங்கள் விடுகிறோம் என்று கேட்டனவாம். மொத்தம் ஏழு நிமிஷம்.

"ரொம்ப நல்ல ஜனங்க" என்றார் வால்டிஸ், துக்கத்தோடு.

மறுநாள் காலை மிஸ் எர்லீனே ஒரு யோசனை சொன்னாள். கண்ணைக் கட்டு என்றாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற ஊதாப்பூ ஸ்கார்ஃபை எடுத்து அவளே கிழவரின் கண்ணைச் சுற்றிக் கட்டி, பின்னால் முடிச்சும் போட்டாள். டெல்பர்ட் அவரை முன் சீட்டில் உட்காரவைத்து ரிங் ரோட்டில் வலமாக மூன்று சுற்று, அப்புறம் இடமாக இரண்டு சுற்று, நடுவில் குறுக்குத் தெருக்களில் புகுந்து மறுபடி வலமாக ஒன்று என்று ஓட்டினான். ஓட்ட ஓட்ட அவனுக்கே லேசாகத் தலை சுற்றியது. இந்தத் தடவை மாட்டினார் என்று நினைத்துக்கொண்டான்.

ஆறாவது சுற்றில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். டெல்பர்ட்டோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்தான். குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். ஊதாப்பூ ஸ்கார்ஃபால் கண் கட்டப்பட்ட ஒரு வெளிநாட்டுக் கிழவர், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"டேய் டெல்பர்ட். கடத்தறதுன்னா சீட் பெல்ட்டையாவது போட்டுவிட்டுக் கடத்துடா" என்றார் போலீஸ்காரர்.

டெல்பர்ட் விஷயத்தைச் சொன்னான். சொல்லச் சொல்ல, அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவன் காதுக்கே கேட்டது. போலீஸ்காரர் வால்டிஸிடம், ஐயா, உங்க சம்மதத்தோடதான் தொலையறீங்களா என்று முறைப்படி கேட்டார். ஆமாம் என்றார் வால்டிஸ். கூடவே, உங்க முதுகுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி இருக்கிறது, என் இடது பக்கம் பேக்கரி, இதுவரை நாற்பத்தோரு வேகத்தடை, கொடிக்கம்பத்துக் கயிறு அடிக்கிற சத்தம் நாலு தடவை வலப்பக்கமிருந்தும் இரண்டு தடவை இடப்பக்கமிருந்தும் கேட்டது என்றார். கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, இவரை எங்க ஸ்டேஷன்ல வேலைக்கு எடுத்துக்கலாம் போலிருக்கே என்றார்.

அத்தோடு வால்டிஸ் தோல்வியை ஒத்துக்கொண்டார். நோட்டில் கடைசிப் பக்கம் ஒன்று உண்டாம், "போனேன், ஆனால் தொலையவில்லை" என்ற தலைப்பில். அதில் பெயரை எழுதி, வந்ததற்கு அத்தாட்சியாக ஏதாவது ஒரு அரசாங்க முத்திரை குத்தி வாங்கிக்கொண்டால் போதும், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்றார். டெல்பர்ட் அவரைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆபீஸ் கட்டடத்து வாசலில் கொண்டுபோய் விட்டான். அஞ்சே நிமிஷம், போனதும் வந்துடலாம் என்று சொல்லிவிட்டு மரத்தடியில் வண்டியை நிறுத்தி ரேடியோவைப் போட்டான். மனசு கனமாக இருந்தது. "தொலையவில்லை" என்ற பக்கத்தில் தன் ஊர். பெலீஸ் சிட்டிக்காரர்களுக்குத் தெரிந்தால் பாட்டாகவே கட்டிவிடுவார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு உள்ளே போனவர். பன்னிரண்டு ஆயிற்று, வரவில்லை. பன்னிரண்டே காலுக்கு ஆபீஸ்காரர்கள் சாப்பாட்டுக்கு வெளியே வந்து தீர்ந்துபோனார்கள். அப்போதும் அவரைக் காணவில்லை. ஒன்றரைக்கு பஸ். டெல்பர்ட் ரேடியோவை அணைத்துவிட்டு உள்ளே போனான்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவன் முதல் ஜன்னலைத் தாண்டிப் போனது கிடையாது. அங்கே இருந்த ஒரு பெண், உயரமான ஆளா, முத்திரை வேணும்னாரு, மாடிக்கு அனுப்பினேன் என்றாள். மாடியில் ஒருவர், முத்திரையெல்லாம் அந்தப் பக்கத்துக் கட்டடம், நடைபாலம் வழியாகப் போ, பச்சைக் கதவு என்றார். டெல்பர்ட் நடைபாலத்தைத் தாண்டினான். எல்லாக் கதவும் பச்சையாக இருந்தன. ஒரு படிக்கட்டு பாதி மாடி ஏறி, அங்கேயே மனசு மாறின மாதிரி நின்றது. இன்னொன்று இறங்கி, ஒரு குழாயடியில் முடிந்தது. ஒரு கதவைத் திறந்தால் கூரைவரை உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்தன. மற்றொன்றைத் திறந்தால், முதலில் திறந்த அறையின் மறுபக்கம், அதே நாற்காலிகள்.

ஒரு மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு ஒரு இளைஞன் வந்தான். டெல்பர்ட் அவனிடம், வெளியே போகிற வழி எது என்று கேட்டான். அந்த இளைஞன் விசிறியைக் கீழே வைத்துவிட்டு, நான் திங்கட்கிழமைதாண்ணே சேர்ந்தேன், நானும் அதைத்தான் தேடிட்டிருக்கேன் என்றான். பிறகு அவன் விசிறியை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனான்.

டெல்பர்ட்டுக்கு வியர்த்தது. சிரிக்கத் தோன்றவில்லை. பிறந்த ஊரில், மத்தியான வெளிச்சத்தில், தன் டாக்ஸி எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கலாமென்றால் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு நடைவழிதான் இருந்தது. அந்த நடைவழியின் கோடியில் ஒரு நெட்டை உருவம், செருப்புக்குள் சாக்ஸோடு, கைகளை விரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

வால்டிஸ் அவன் முன்னால் வந்து நின்றார். முகம் சிவந்து, தலைமுடியெல்லாம் கலைந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"டெல்பர்ட், இது எந்த இடம்?"

"தெரியலையே சார்."

"நிஜமாவா? உனக்கும் தெரியலையா?"

"சத்தியமாத் தெரியல. எங்க அம்மா மேல ஆணை."

வால்டிஸ் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது திருப்பம் வரைக்கும் எண்ணினேன், அதற்குமேல் ஒரே கதவு வழியாக இரண்டு தடவை வேறு வேறு அறைக்குள் போனேன், மண்டைக்குள் ஒன்றுமே இல்லை, வெள்ளைத் தாள் மாதிரி இருக்கிறது என்று மூச்சு வாங்கச் சொன்னார். வழி கேட்டாராம். ஒரு வயதான குமாஸ்தா மிகுந்த அக்கறையோடு, போன வருஷம் கணக்குப் பிரிவு இருந்த இடத்தில் இடதுபக்கம் திரும்பி, மிஸ்டர் அகோஸ்டா ரிடையர் ஆவதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த மேஜைக்கு நேராகப் போங்கள் என்று பதில் சொன்னாராம். அதைத் திரும்பச் சொல்லும்போது வால்டிஸுக்குச் சந்தோஷத்தில் குரல் உடைந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு நிமிஷம். ஓடிக்கொண்டிருக்கிறது என்றார்.

ஓடட்டும் சார், பஸ்ஸும் ஓடிடும் என்று டெல்பர்ட் அவர் கையைப் பிடித்து இழுத்தான். கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது மூக்குதான். எங்கிருந்தோ சூடான சோள ரொட்டி வாசனை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே படி இறங்கிப் போனதில் ஒரு சின்ன அறையில் மிஸ் ஒத்தீலியா கானுல் என்கிற அம்மாள் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கட்டடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறவள். இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"அவரு வெளியூரு. நீ டெல்பர்ட் ஃப்ளவர்ஸ்தானே? உனக்கு என்னப்பா வந்துச்சு?"

டெல்பர்ட் இவரைத் தேடி வந்தேன் என்றான். அப்போ இப்ப உன்னை யாரு தேடி வரணும் என்று கேட்டுவிட்டு, அவள் ரொட்டியை மூடி வைத்தாள். வால்டிஸ் நோட்டை நீட்டி, தொண்ணூற்று ஐந்தாவது பக்கத்தைத் திறந்து, முத்திரை என்று கெஞ்சினார். அவளிடம் இருந்தது ஒரே ஒரு முத்திரை. தபால் வந்தால் குத்துகிறது. மையில் ஒற்றி ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். "பெறப்பட்டது" என்று விழுந்தது, தேதியோடு. வால்டிஸ் அதை ஊதி ஊதிக் காயவைத்தார்.

பிறகு அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டித் தன் பின்னால் இருந்த கதவைத் தள்ளினாள். வெளியே வெயில். பத்தடியில் டெல்பர்ட்டின் டாக்ஸி.

பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். மிஸ் எர்லீன் வழிக்குச் சாப்பிடக் கட்டிக்கொண்டு நிலையத்துக்கே வந்திருந்தாள். முத்திரையைப் பார்த்ததும் அவள் டெல்பர்ட்டின் தோளில் தட்டின தட்டு மூன்று நாள் வலித்தது. வால்டிஸ் பஸ் படியில் நின்றபடியே நோட்டில் எழுதினார். எழுதினதை டெல்பர்ட்டுக்குக் காட்டவும் செய்தார். "பெல்மோப்பான். அரசாங்கக் கட்டடம், எந்தப் பகுதி என்று தெரியாது. அறுபத்தொரு நிமிடம். உள்ளூர்க்காரர் ஒருவரும் உடன் தொலைந்தார்."

"அந்தக் கடைசி வரி வேணாமே சார்" என்றான் டெல்பர்ட்.

"அதுதான் இதுவரைக்கும் எந்த ஊர்லயும் கிடைக்காதது" என்றார் வால்டிஸ். பஸ் கிளம்பிவிட்டது.

நோட்டு லாட்வியாவுக்குத்தானே போகிறது, இங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று டெல்பர்ட் மனசைத் தேற்றிக்கொண்டு திரும்பினான். ஆரஞ்சு ஜூஸ் விற்கிற பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மிஸ் ஒத்தீலியாவின் நாத்தனார் என்பதும், அவள் கையில் போன் இருந்ததும் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

"டெல்பர்ட், வீட்டுக்கு நீயே போயிடுவியா, துணைக்கு யாரையாவது அனுப்பட்டுமா?"

சாயங்காலத்துக்குள் போலீஸ்காரர் வரை போய்விட்டது. மறுநாள் ரிங் ரோட்டில் அவர் வண்டியை நிறுத்தி, சாலை ஒரு வட்டம், எப்படியும் வந்த இடத்துக்கே வந்துடுவ, பயப்படாதே என்று தைரியம் சொல்லி அனுப்பினார். டாக்ஸி ஏறுகிறவர்கள் எல்லோரும் கதவைச் சாத்திவிட்டு, வழி நாங்க சொல்லட்டுமா என்று கேட்டார்கள். சால்வபான் புபூசா கடைக்காரி அவனைக் கண்டதும் மகனைக் கூப்பிட்டு வேனை எடுக்கச் சொன்னாள். ஒரு வாரம் டெல்பர்ட் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மிஸ் எர்லீன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பெலீஸ் சிட்டியிலிருந்து வந்த ஒரு குண்டு ஆசாமி ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல, உங்க ஊரைச் சுத்திப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா, ரெண்டு நிமிஷம் ஆகுமா என்று ஆரம்பித்தார். டெல்பர்ட் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். வேகத்தடையில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கினான்.

"பார்த்துப் பேசுங்க சார். போன வாரம் நான் இந்த ஊர்ல ரெண்டரை மணி நேரம் தொலைஞ்சு போனேன்" என்றான். "நான் இங்கயே பிறந்தவன்."